வாயைக் காட்டுங்கள், நுனியைக் காட்டுங்கள்: புதைபடிவக் கடல் நத்தைகள் பற்றிய கேள்வி பதில்

அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்தில் கிடைக்கும் கடல் நத்தைப் புதைபடிவங்களை, ஓட்டின் அமைப்பை மட்டும் வைத்து எப்படி இனம் பிரிப்பது என்று யார் வேண்டுமானாலும் கேட்கலாம் எனப் போன வாரம் சொல்லியிருந்தேன். முப்பது வருடமாக இந்த ஓடுகளோடுதான் என் பொழுது போகிறது, அதனால் ஆசையாகக் காத்திருந்தேன். நிறையக் கேள்விகள் வந்தன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன்.

பெரம்பலூரிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை: காரை கிராமத்துப் பக்கம் போய்வரும் பிள்ளைகள் சுருண்ட கல் எதைக் கண்டாலும் நத்தை என்று கொண்டுவந்து மேசையில் வைக்கிறார்கள். எது நத்தை, எது இல்லை என்று எப்படிச் சொல்லிக் கொடுப்பது, சார்?

காரையின் களிமண் ஓடைகளில் சுருண்டு கிடப்பவற்றில் பெரும்பாலானவை நத்தை இல்லை, டீச்சர். முதலில் அம்மோனைட். இது கணவாய்க்கும் நாட்டிலஸுக்கும் உறவு. கயிற்றைத் தரையில் சுற்றி வைத்தது போல ஒரே தளத்தில் சுருளும். இரண்டு பக்கமும் ஒன்று போலவே இருக்கும். நத்தை அப்படி இல்லை, சுருளச் சுருளக் கீழே இறங்கும், அதனால் ஒரு பக்கம் கோபுரம், மறுபக்கம் வாய் என்று ஆகிவிடும்.

உருவம் மட்டும் போதாது, உள்ளே பார்க்க வேண்டும். அம்மோனைட்டின் ஓட்டுக்குள் அறை அறையாகத் தடுப்புச் சுவர்கள் உண்டு. அந்தச் சுவர் ஓட்டின் உட்புறத்தைத் தொடும் இடத்தில், முருங்கைக்கீரை இணுக்கை ஒட்டி வைத்தது போலக் கிளை கிளையாக ஒரு கோடு தெரியும். கல்லைத் தண்ணீரில் நனைத்து, சாயங்கால வெயிலில் சாய்த்துப் பிடித்தால் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள். அந்தக் கோடு இருந்தால் நத்தை இல்லை, அதற்கு மேல் பேச்சே இல்லை.

அப்புறம் இரண்டு ஏமாற்றுக்காரர்கள் இருக்கிறார்கள். ஒன்று டரிலைட்ஸ். இதுவும் அம்மோனைட்தான், ஆனால் திருகாணி போலக் கோபுரமாகச் சுருளும், மேலே வரிசையாகக் குமிழ்கள் இருக்கும். யார் பார்த்தாலும் நத்தை என்றுதான் சொல்வார்கள். அறைச் சுவர்களைத் தேடுங்கள், காட்டிக் கொடுத்துவிடும். இரண்டாவது, காசு அளவுக்குத் தட்டையாகச் சுருண்ட சின்னக் குழாய். அது கடற்புழு ஒன்று தனக்குக் கட்டிக்கொண்ட சுண்ணாம்புக் கூடு. இதில் பிள்ளைகள் தவறினால் கோபப்படாதீர்கள். இந்தப் பகுதியின் புதைபடிவ நத்தைகளைப் பெரிய நூலாக எழுதிய ஸ்டோலிச்காவே 1868-ல் இதை டியூபுலோஸ்டியம் என்று பெயர் வைத்து நத்தைகளோடுதான் சேர்த்தார். பின்னால்தான் அது புழு வரிசைக்குப் போனது.

திருச்சி, புவியியல் முதலாம் ஆண்டு மாணவர்: புத்தகத்தில் உறுப்புகளின் பெயர்களே இருபதுக்கு மேல் இருக்கின்றன. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா, ஐயா?

வேண்டாம் தம்பி. கையில் ஒரு சங்கை வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். ஒரு முழுச் சுற்று ஒரு புரி. நம் வலம்புரியில் இருக்கும் அதே புரிதான். கடைசிப் புரி மிகப் பெரியது, உயிர் வாழ்ந்த உடம்பு பெரும்பாலும் அதற்குள்தான் இருந்தது. அதற்கு மேலே உள்ளதெல்லாம் கோபுரம். இரண்டு புரிகள் சேரும் இடம் பொருத்து. திறந்திருப்பது வாய், அதற்கு வெளி உதடு, உள் உதடு. சங்கை நெடுக்காக அறுத்தால் நடுவில் தெரிவது தூண். அந்தத் தூண் உள்ளே குழலாக இருந்து அடியில் திறந்தால் அது தொப்புள்.

இவற்றில் முதலில் பார்க்க வேண்டியது வாயின் அடி விளிம்பு. அது முழு வட்டமாக மூடியிருக்கிறதா, இல்லை ஒரு வெட்டோ மூக்குப் போன்ற குழாயோ இருக்கிறதா? குழாய் இருந்தால், அந்த நத்தை மூச்சுக்குழல் ஒன்றை அதன் வழியாக நீட்டித் தண்ணீரை இழுத்து வாசனை பிடித்தது என்று பொருள். இரை தேடித் திரியும் சங்கு, முள்சங்கு வகைகளுக்கு இது உண்டு. முழு விளிம்பு உள்ளவை பெரும்பாலும் பாசி மேய்பவை. பெரும்பாலும் என்று சொல்வதைக் கவனியுங்கள். முழு விளிம்புள்ள நேட்டிகா என்ற நத்தை பெரிய வேட்டைக்காரி. மூக்கு உள்ள ஐவிரல் சங்கோ பாசிதான் தின்கிறது.

கீழக்கரையிலிருந்து ஒருவர்: எங்கள் வீட்டில் சங்குத் தொழில். நாங்கள் வலம்புரி என்பதை உங்கள் புத்தகங்கள் இடது என்கின்றன. யார் சொல்வது சரி?

இரண்டும் சரி. பிடிக்கும் விதம்தான் வேறு. ஆய்வாளர்கள் கோபுர நுனி மேலே இருக்க, வாய் தங்களைப் பார்க்கச் சங்கைப் பிடிப்பார்கள். வாய் வலப்பக்கம் விழுந்தால் வலது. உலகத்தில் உள்ள நத்தைகளில் மிகப் பெரும்பாலானவை இப்படித்தான். நம் மரபில் சங்கை மூக்கு மேலே இருக்கப் பிடிக்கிறோம். அதே சங்கைத் தலைகீழாகத் திருப்பினால் வலது வாய் இடது பக்கம் வந்துவிடும், அதனால் அது இடம்புரி. மிக அரிதாகக் கிடைக்கும் மாறிய சங்கு நமக்கு வலம்புரி, புத்தகத்துக்கு இடது. தலைகீழாகத் திருப்புவதால் சுழற்சி மாறுவதில்லை, வாய் எந்தப் பக்கம் தெரிகிறது என்பதுதான் மாறுகிறது.

புதைபடிவத்தில் இதோடு இன்னொரு சிக்கல் உண்டு. ஓடு கரைந்துபோய்ப் பாறையில் அதன் பதிவு மட்டும் இருந்தால், அந்தப் பள்ளம் கண்ணாடியில் பார்ப்பது போல மாறித் தெரியும். "இடது நத்தை கிடைத்துவிட்டது" என்று எனக்கு வரும் படங்களில் பாதி இப்படிப்பட்ட பள்ளங்கள். பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை அதில் அழுத்தி எடுத்துப் பாருங்கள், வலதாக வரும். அழுத்தி எடுத்த பிறகும் இடதாகவே வந்தால் எனக்கு எழுதுங்கள். டிரைபோரா போல இயல்பாகவே இடதாகச் சுருளும் குடும்பங்களும் உண்டு.

சென்னை, சேகரிப்பில் ஆர்வமுள்ளவர்: நீளமாக, கூம்பாக இருப்பதெல்லாம் டரிட்டெல்லா என்று எழுதி வைத்திருக்கிறேன். என் நண்பர் சிரிக்கிறார்.

நண்பர் சிரித்திருக்க வேண்டாம், இது எல்லோரும் விழும் குழி. அமெரிக்காவின் வயோமிங்கில் கிடைக்கும் ஒரு அழகான கல்லை இன்றும் டரிட்டெல்லா அகேட் என்றே விற்கிறார்கள். அதில் இருப்பது டரிட்டெல்லாவே இல்லை, ஏரியில் வாழ்ந்த எலிமியா என்ற நன்னீர் நத்தை. நீளக் கூம்பு வடிவத்தைப் பல குடும்பங்கள் தனித்தனியாக எடுத்திருக்கின்றன. நம் பக்கம் மூன்றைப் பிரித்துப் பார்த்தாலே போதும்.

டரிட்டெல்லா என்றால் புரிகளைச் சுற்றி நூல் கட்டியது போல வரிகள் ஓடும், குமிழ்கள் அநேகமாக இருக்காது. வாயில் மூக்கு கிடையாது. இந்த வரிகள் எல்லாம் பிறவியிலேயே வருவதில்லை. நுனிப் பக்கம் முதலில் ஒரு வரி, பிறகு இரண்டாவது, பிறகு மூன்றாவது என்று வளர வளரச் சேரும். எந்த வரி முதலில் வந்தது என்பது இனத்துக்கு இனம் வேறுபடும், அதனால்தான் கோபுரத்தின் மேல்பாதி இல்லாத டரிட்டெல்லாவுக்கு இனப்பெயர் வைக்க நான் தயங்குவேன். அப்புறம், சாய்வான வெளிச்சத்தில் லென்ஸ் வைத்துப் பார்த்தால், வரிகளுக்குக் குறுக்கே மயிரிழை போன்ற கோடுகள் தெரியும். அவை வளர்ச்சிக் கோடுகள், அந்தந்த நாளில் வெளி உதடு இருந்த இடம். டரிட்டெல்லாவில் அவை நேராக இறங்காமல் புரியின் நடுவில் பின்னோக்கி வளையும். உதடு உடைந்துபோன மாதிரியிலும் உதட்டின் வடிவத்தை இந்தக் கோடுகளிலிருந்தே வரைந்துவிடலாம். எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்: ஓடு தன் பழைய வாய்களையெல்லாம் முதுகில் எழுதி வைத்திருக்கிறது.

செரித்தியம் என்றால் குமிழ்களும் மணிகளும் கோத்தது போலிருக்கும். வாயின் அடியில் சின்னதாகத் திரும்பிய மூக்கு உண்டு. மூன்றாவது நெரினியா. வெளியே சாதாரணமாக, சில சமயம் வழவழப்பாகவே இருக்கும். நெடுக்காக அறுத்தால்தான் வியப்பு. தூணிலிருந்தும் சுவரிலிருந்தும் மடிப்புகள் நீண்டு, உள்ளிடத்தைச் சாவித் துவாரம் போலக் குறுக்கியிருக்கும். ஒரு வெட்டுமுகம் போதும், வேறு எதோடும் குழப்ப முடியாது. நெரினியா குடும்பம் அம்மோனைட்டுகளோடு சேர்ந்து 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்த கிரெட்டேசியஸ் காலத்தோடு போய்விட்டது. டரிட்டெல்லா இன்னும் வாழ்கிறது, மணலுக்குள் பாதி புதைந்து தண்ணீரை வடிகட்டித் தின்றுகொண்டு.

அரியலூர், சுண்ணாம்புச் சுரங்கப் பகுதியில் வேலை செய்பவர்: கல்லங்குறிச்சியில் சிப்பி சிப்பியாகக் கொட்டிக் கிடக்கிறது. நத்தை கிடைத்தால் வெறும் கல்லாக, ஓடே இல்லாமல் இருக்கிறது. ஏன் அண்ணே?

நல்ல கவனிப்பு, தம்பி. சிப்பி ஓட்டில் பெரும்பகுதி கால்சைட். நத்தை ஓடு பெரும்பாலும் அரகோனைட். இரண்டும் ஒரே கால்சியம் கார்பனேட்தான், ஆனால் படிக அடுக்கு வேறு. மண்ணுக்குள் தண்ணீர் ஊறும்போது அரகோனைட் சீக்கிரம் கரைந்துவிடும். அதற்கு முன்பே ஓட்டுக்குள் சேறு புகுந்து கெட்டியாகிவிட்டால், ஓடு போன பிறகும் அந்தச் சேறு மிஞ்சும். இட்லித் தட்டு போய் இட்லி மட்டும் இருப்பது போல. இதை உள்வார்ப்பு என்கிறோம்.

உள்வார்ப்பில் வெளி வரி, குமிழ், முள் எதுவும் தெரியாது. இருந்தாலும் கையை விரித்துவிட வேண்டாம். புரிகளுக்கு இடையே உள்ள இடைவெளியைப் பாருங்கள், ஓடு எவ்வளவு தடிமன் என்று அது சொல்லும். நடுவில் தூண் இருந்த இடம் குழியாக இருக்கும். அந்தக் குழிக்குள் திருகுத் தடங்கள் தெரிந்தால் தூணில் மடிப்பு இருந்தது, வொலூட்டா என்ற சங்கு வகையின் பக்கம் போகலாம். சுருளே இல்லாமல் வெறும் உருண்டையாக, வாய் மட்டும் அரைநிலா போல இருந்தால்? அதுவும் ஒரு துப்புதான். நெரிட்டா குடும்பத்து நத்தைகள் வளரும்போது உள்ளே இருக்கும் பழைய சுவர்களைத் தாமே கரைத்துவிடும். அதனால் அவற்றின் உள்வார்ப்பில் புரிகள் பிரிந்து தெரியாது. வாசலில் கிடக்கும் உருண்டைக் கல்லை எறிந்துவிடாதீர்கள்.

உள்வார்ப்பு மட்டும் இருந்தால் குடும்பப் பெயரோடு நிறுத்திக்கொள்வதுதான் நேர்மை. சுற்றியிருந்த பாறையில் வெளிப்பதிவு மிஞ்சியிருக்கிறதா என்று தேடுங்கள். இரண்டும் கிடைத்தால் ஓட்டின் உள்ளும் புறமும் உங்கள் கையில்.

நாகர்கோவில், கல்லூரி மாணவி: கிளிஞ்சல் புதைபடிவம் ஒன்றில் ஊசி குத்தியது போல வட்டமான துளை. அது இயற்கையா?

இயற்கைதான்ம்மா, அது கொலைக் காயம். நம் கடற்கரையில் பிள்ளைகள் நூலில் கோக்கும் கிளிஞ்சல்களில் இருக்கும் அதே துளை. லென்ஸ் வைத்து விளிம்பைப் பாருங்கள். வெளியே அகலமாக, உள்ளே குறுகலாக, புனல் போலச் சரிந்திருந்தால் நேட்டிகா வகை துளைத்தது. சுவர் நேராக இறங்கினால் முள்சங்கு வகையைச் சந்தேகிக்கலாம். பாதியில் விட்ட துளை கிடைத்தால் இன்னும் நல்லது. நேட்டிகாவின் அரைகுறைத் துளையில் அடியின் நடுவே சின்ன மேடு நிற்கும். துளைத்தவர் ஓடு ஒன்றுகூடக் கிடைக்காத படுகையிலும், அவர் அங்கே இருந்தார் என்பதற்கு இது சாட்சி.

ஓடே கிடைத்தால் அடையாளம் சுலபம்: பந்து போன்ற உடம்பு, குட்டைக் கோபுரம், அரைவட்ட வாய், தொப்புளை முழுதாகவோ பாதியாகவோ மூடிய தடிப்பு.

ஓர் ஆய்வு மாணவர்: ஸ்டோலிச்காவின் நூலில் வொலூட்டா, பியூசஸ், செரித்தியம் என்று இருப்பவற்றுக்கு இப்போது வேறு வேறு பெயர்கள். பழையதைத் தூக்கிப் போடலாமா?

தூக்கிப் போடவே கூடாது. முதலில் அந்த மனிதரைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தப் பகுதியின் புதைபடிவங்களைக் கேய், கன்லிஃப் என்ற இருவர் சேகரித்து அனுப்ப, லண்டனில் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-ல் விவரித்தார். அடுத்த பெரிய வேலை ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்காவுடையது. மொராவியாவில் 1838-ல் பிறந்து, 1862-ல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தவர். தென்னிந்தியக் கிரெட்டேசியஸ் உயிர்கள் பற்றிய அவருடைய தொகுதிகளில் நத்தைகளுக்கான பகுதி 1867, 68-ல் வந்தது. 1874-ல் யார்க்கண்ட் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் லடாக்கில் இறந்தபோது அவருக்கு 36 வயது. பன்னிரண்டு வருடத்தில் ஒரு மனிதர் இவ்வளவு பார்த்திருக்கிறார் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு நிறைகிறது.

அவர் காலத்தில் வொலூட்டா என்பது பெரிய பை. தூணில் மடிப்பு உள்ள பலவற்றை அதில் போட்டார்கள். பின்னால் வந்தவர்கள் பையைப் பிரித்துத் தனித்தனிப் பேரினங்கள் ஆக்கினார்கள். 2000-ல் கிளாஸ் பாண்டல் என்ற ஆய்வாளர் திருச்சிராப்பள்ளித் தொகுதி என்று சொல்லப்படும் இங்கத்திய பாறை அடுக்குகளின் நத்தைகளை மறுபடி எடுத்து, அமெரிக்க வளைகுடாக் கரை நத்தைகளோடு ஒப்பிட்டு எழுதினார். பேரினப் பெயர் மாறும், ஆனால் ஸ்டோலிச்கா வரைந்த படமும், அவர் பெயர் வைத்த மூல மாதிரியும் மாறாது. எந்தப் புதுப்பெயரும் அந்த மாதிரியோடுதான் கட்டப்பட்டிருக்கிறது. நீங்கள் பட்டியல் எழுதும்போது அவர் வைத்த பெயரையும் இன்றைய பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.

மேல்தட்டு வகைப்பாடும் இப்படித்தான் மாறியிருக்கிறது. பழைய பாடநூல்களில் வரும் ஆதி நத்தை, இடை நத்தை, புது நத்தை என்ற மூன்று படிகளைத் தீலே என்ற ஆய்வாளர் 1929-ஐ ஒட்டி வகுத்தார். ஏணிப்படி போன்ற அந்த வரிசை இன்று இல்லை. புஷே, ரொக்ருவா இருவரும் 2005-ல் வெளியிட்டு, 2017-ல் பலரோடு சேர்ந்து திருத்திய பட்டியலைத்தான் இன்று பெரும்பாலும் பின்பற்றுகிறோம்.

அதே மாணவர்: எந்தப் படம் அனுப்பினாலும் நுனியைக் காட்டு என்கிறீர்களே, அதில் அப்படி என்ன இருக்கிறது?

நுனியில் இருப்பது நத்தையின் குழந்தைப் பருவம். முட்டைக்குள்ளும், லார்வாவாகக் கடலில் மிதந்தபோதும் கட்டிய ஓடு அப்படியே கோபுரத்தின் உச்சியில் ஒட்டிக்கொண்டிருக்கும். பிறவிப் புரி என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. வழவழப்பாக இருந்து, ஓர் இடத்தில் சட்டென்று ஒரு விளிம்பு வந்து, அதற்குப் பிறகு வரிகள் தொடங்கும். அந்த விளிம்புதான் லார்வா கடலடிக்கு இறங்கி நத்தையான நாள்.

முதல் சுருள் மிகச் சின்னதாக, பிறவிப் புரிகள் மூன்று நான்கு இருந்தால், அந்த லார்வா மிதந்து மேய்ந்து நீண்ட தூரம் போயிருக்கும். முதல் சுருள் குண்டாக, ஒரு புரி ஒன்றரைப் புரியோடு முடிந்தால், அது மஞ்சள் கருவின் ஊட்டத்திலேயே வளர்ந்து, பிறந்த இடத்துக்குப் பக்கத்திலேயே தங்கிவிட்டது. 1978-ல் தோர் ஹான்சன் அமெரிக்க வளைகுடாக் கரையின் புதைபடிவ நத்தைகளில் இதைக் கணக்குப் பார்த்தார். மிதக்கும் லார்வா இருந்த இனங்கள் மற்றவற்றைவிட நீண்ட காலம் அழியாமல் இருந்தன. கடுகு அளவு நுனியிலிருந்து ஓர் இனத்தின் ஆயுளைப் பற்றிப் பேச முடிகிறது!

இன்னொன்று. சில நத்தைகளில் பிறவிப் புரி ஒரு திசையிலும் மீதி ஓடு எதிர்த் திசையிலும் சுருளும். உச்சியில் ஒரு சின்ன மணி சாய்ந்து கவிழ்ந்து உட்கார்ந்தது போலிருக்கும். இது ஹெட்டெரோபிராங்கியா என்ற பெரிய கிளையின் அடையாளம். வளர்ந்த ஓடு பார்க்க டரிட்டெல்லா போலவே இருந்தாலும், இந்த ஒரு மணி அதை வேறு கிளைக்குக் கொண்டுபோய்விடும்.

கோயம்புத்தூரிலிருந்து ஒருவர்: ஒட்டிய மண் போக வினிகரில் ஊறவைக்கலாமா?

வேண்டவே வேண்டாம். வினிகர் மண்ணை விட்டுவிட்டு ஓட்டைத்தான் முதலில் தின்னும். நான் படிக்கும் காலத்தில், காரைக் களியிலிருந்து எடுத்த ஒரு விரல்கடை நீளச் சங்கை நீர்த்த அமிலத்தில் அரை நிமிடம் முக்கினேன். வரிகள் பளிச்சென்று தெரிந்தன, மகிழ்ந்தேன். மறுநாள் லென்ஸ் வைத்துப் பார்த்தால் நுனி இல்லை. அந்த இனத்தில் பிறவிப் புரியோடு கிடைத்த ஒரே மாதிரி அது. இன்றும் அந்தப் பெட்டியைத் திறந்தால் மனம் கனக்கிறது.

களிமண்ணுக்குத் தண்ணீரே போதும். முதலில் இரண்டு மூன்று நாள் நிழலில் நன்றாகக் காயவிடுங்கள். ஈரமாகவே ஊறவைத்தால் இளகாது. நன்றாகக் காய்ந்த களி தண்ணீரில் போட்டதும் தானே பொடிந்து விழும். மிச்சத்தைக் குழந்தைகள் பல்துலக்கும் மெல்லிய பிரஷ்ஷால் எடுங்கள். நுனியில் ஊசியும் வேண்டாம், பிரஷ்ஷும் வேண்டாம், சொட்டுத் தண்ணீர் மட்டும். காரையில் ஜிப்சம் நிறைய உண்டு, ஓட்டின் மேல் பளபளவென்று ஒட்டியிருக்கும். ஓடு சேர்ந்து பெயர்ந்து வரும் என்றால் ஜிப்சத்தை அப்படியே விட்டுவிடுங்கள்.

திருச்சியிலிருந்து ஓர் அம்மா: தாத்தா மேசையில் ஒரு பேப்பர்வெயிட் இருக்கிறது. சாம்பல் கல்லில் வெள்ளை வெள்ளையாகச் சங்கு வடிவங்கள். திருச்சி மார்பிள் என்பார். அதுவும் புதைபடிவமா?

ஆமாம்மா, பத்திரமாக வைத்திருங்கள். உங்கள் விவரிப்பு கருடமங்கலம் பக்கத்துச் சிப்பிச் சுண்ணாம்புக்கல்லுக்கு அப்படியே பொருந்துகிறது. மார்பிள் என்று பெயர்தானே ஒழிய, பளிங்கு இல்லை. சுமார் 9 கோடி ஆண்டுக்கு முன் ஆழமில்லாத கடலில் நத்தையும் கிளிஞ்சலும் குவிந்து இறுகியது. அறுத்து மெருகேற்றியதால் நீங்கள் பார்ப்பது ஓடுகளின் வெட்டுமுகம். வெள்ளை வட்டத்துக்குள் வட்டம் தெரிந்தால் நத்தையைக் குறுக்கே அறுத்திருக்கிறார்கள். நடுவில் ஒரு தூணும் இருபுறமும் மாறி மாறி அறைகளும் தெரிந்தால் நெடுக்கே. அந்தத் தூணில் பல் போலச் சின்னச் சின்ன மேடுகள் இருந்தால் அவை மடிப்புகள். ஒரு நல்ல படம் எடுத்து அனுப்ப முடியுமா?

யாழ்ப்பாணத்திலிருந்து: எங்கட சுண்ணாம்புக் கல்லிலும் நத்தை அச்சுகள் இருக்கு. அவையும் இதே காலத்தவையா?

இல்லை, உங்களுடையவை மிகவும் இளையவை. யாழ்ப்பாணச் சுண்ணாம்புக்கல், கிரெட்டேசியஸுக்கு வெகுகாலம் பின்னால் வந்த மயோசீன் காலத்தது. அம்மோனைட் அதில் கிடைக்கவே கிடைக்காது, அவை அதற்கு வெகுகாலம் முன்பே அழிந்துவிட்டன. அச்சு என்று நீங்கள் சொல்வதால் அரியலூர்த் தம்பிக்கு எழுதிய உள்வார்ப்புப் பதிலைப் பாருங்கள், அப்படியே பொருந்தும். ஒரு நன்மை உங்களுக்கு உண்டு: மயோசீன் பேரினங்கள் பல இன்றும் மன்னார்க் கடலில் வாழ்கின்றன, கரையில் பொறுக்கிய ஓட்டைப் பக்கத்தில் வைத்தே ஒப்பிடலாம்.

மதுரை, பள்ளி மாணவர்: பழைய சங்கின் நிறம் தெரிந்துகொள்ள முடியுமா?

சில சமயம் முடியும். ஓடு நல்லபடி மிஞ்சிய மாதிரிகளை ப்ளீச்சில் ஊறவைத்துப் புற ஊதா விளக்கில் பார்த்தால், நிறமி இருந்த இடம் ஒளிர்ந்து, கோடும் புள்ளியும் தெரியும். கிரெட்டேசியஸுக்குப் பிந்தைய ஓடுகளில்தான் இது நன்றாக வருகிறது. பாரிஸ் பகுதி நத்தைகளில் அழகான கோலங்கள் கிடைத்திருக்கின்றன. வீட்டில் தனியாகச் செய்ய வேண்டாம், கல்லூரி ஆய்வகத்தில் கேளுங்கள்.

பெயர் சொல்ல விரும்பாத ஒருவர்: இவ்வளவு ஏமாற்று வேலை இருக்கும்போது ஓட்டின் அமைப்பை நம்பி இனம் பிரிப்பதே தவறில்லையா?

எனக்கும் இந்தக் கேள்வி பல வருடம் இருந்தது. தொப்பி போல, சுருளே இல்லாத ஓட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அலை அடிக்கும் பாறையில் ஒட்டி வாழ அந்த வடிவம் வசதி, அதனால் ஒன்றுக்கொன்று தூரத்து உறவான பல கிளைகள் தனித்தனியாக அந்த வடிவத்துக்கு வந்திருக்கின்றன. தொப்பியை மட்டும் பார்த்தால் எல்லாம் ஒன்று. ஆனால் உட்புறம் தசை ஒட்டிய தழும்பைப் பாருங்கள். ஒன்றில் சீரான குதிரை லாடம், இன்னொன்றில் வலப்பக்கம் மூச்சுத் துளைக்காக ஓர் இடைவெளி, வேறொன்றில் உச்சியிலேயே துளை.

வாழும் முறைக்கு ஏற்ப வளையும் அமைப்புகள் உண்டு: உயரம், முள், தடிமன். அவ்வளவு சுலபமாக வளையாதவையும் உண்டு: பிறவிப் புரி, தூணின் மடிப்பு, தசைத் தழும்பு, ஓட்டின் நுண்ணடுக்கு. நான் முதல் வகையை வைத்து யோசனை சொல்வேன், இரண்டாம் வகையை வைத்துத்தான் பெயர் எழுதுவேன். மரபணு ஆய்வு வந்த பிறகும், ஓட்டின் இப்படிப்பட்ட நுண்ணிய அடையாளங்களை வைத்துப் பிரித்த பல குடும்பங்கள் நிலைத்திருக்கின்றன.

அரியலூர், இளைஞர்: படம் இணைத்திருக்கிறேன், அண்ணா. 4 சென்டிமீட்டர். கோபுரம் கூர்மை. கடைசிப் புரியில் இரண்டு மேட்டு வரிகள், மேல்வரி உதட்டுப் பக்கம் ஒரு விரல் போல நீண்டு உடைந்திருக்கிறது. ஊர் ஓடையில் மழைக்குப் பின் கிடைத்தது. அம்மா ஐவிரல் சங்கின் குட்டி என்கிறார்.

அம்மா மிக நெருங்கிவிட்டார். இது அபோரைஸ் குடும்பம் என்று நினைக்கிறேன். ஐவிரல் சங்குக்குத் தூரத்து உறவு. கிரெட்டேசியஸ் கடலில் ஏராளமாக இருந்தது, இன்று ஒரு சில இனங்களே மிச்சம். ஆனால் இது குட்டி இல்லை, வளர்ந்தது. இந்தக் குடும்பத்தில் விரலும் சிறகும் வளர்ச்சி முடியும்போதுதான் உதட்டில் விரியும். குட்டியின் உதடு வெறுமையாக இருக்கும், அதைத் தனியாகப் பார்த்தால் வேறு பேரினம் என்றே எழுதத் தோன்றும். அதனால் அதே ஓடையில் சிறகில்லாத சின்ன ஓடுகள் கிடைத்தால் அவற்றையும் இதனோடு ஒரே பெட்டியில் வையுங்கள்.

ஐவிரல் சங்கு வகையா, அபோரைஸா என்று உறுதி செய்ய ஒரே ஓர் இடம் பார்க்க வேண்டும். வெளி உதட்டின் கீழ்ப்பகுதியில், மூக்குக்குச் சற்று மேலே, சின்ன அரைவட்ட வெட்டு இருக்கிறதா? ஐவிரல் சங்கு அந்த வழியாகத்தான் ஒரு கண்ணை நீட்டிப் பார்க்கும். அபோரைஸில் அந்த வெட்டு இராது. உங்கள் படத்தில் அந்த இடம் நிழலில் போய்விட்டது. காலை வெயிலில், பக்கத்தில் ஒரு அளவுகோல் வைத்து, உதட்டை மட்டும் ஒரு படம், நுனியை மட்டும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். ஓடையின் எந்தக் கரை, எந்த நிற மண் என்று இன்றைக்கே ஒரு தாளில் எழுதி ஓட்டோடு வைத்துவிடுங்கள், அடுத்த மழையில் அந்த இடம் அடையாளம் தெரியாமல் போகலாம்.